வரைபடத்தில் இல்லாத கான்: மலைநாட்டுச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, கொட்டகலை, பண்டாரவளை, பசறை என்று மலைநாடு முழுக்க, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பின் மாநகர, நகர, பிரதேச சபைகளில் அமர்ந்திருக்கும் கௌரவ முதல்வர்களுக்கும் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் கட்டட விண்ணப்பங்களைப் புரட்டிப் பாருங்கள். தரைத்தள வரைபடம் இருக்கும், முன்தோற்றம் இருக்கும், காணி உறுதியின் பிரதியும் நில அளவைப் படமும் இருக்கும். எத்தனை அறை, எத்தனை மாடி, வீதியிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதெல்லாம் தெரியும். அந்தக் கூரையில் விழும் மழை எந்த வழியாக, யாருடைய காணிக்குள் இறங்கும் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இராது. சமதரை ஊரில் இது பெரிய குறையில்லை. தண்ணீர் முற்றத்தில் தேங்கும், கணுக்காலை நனைக்கும், வடிந்துவிடும். மலையில் மேல் வீட்டு வாசல் கீழ் வீட்டுக் கூரைக்கு நேரே இருக்கிறது. மேலே ஒருவர் பீலியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால், கீழே இன்னொருவரின் அடுப்படிச் சுவர் ஊறத் தொடங்குகிறது.

அளவெடுப்பது, வரைவது, கல்கட்டுவது, கான் (வடிகால்) வெட்டுவது என்று இந்த மலைகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஊர் வளரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. லயத்து அறையிலிருந்து ஒரு குடும்பம் சொந்த வீட்டுக்கு வருவதை யார் குறை சொல்வார்கள்? வளர்ச்சிக்குக் கொடுக்கும் ஒவ்வோர் அனுமதியும் தண்ணீருக்குக் கொடுக்கும் அனுமதியும்தான் என்பதை ஞாபகப்படுத்தவே இந்த மடல்.

இந்த நகரங்கள் எங்கே முளைத்தன என்று பார்த்தால் பாதிச் சிக்கல் விளங்கும். ரயில் ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் வந்தது. தண்டவாளத்துக்கு ஏற்ற சாய்வு எங்கே கிடைத்ததோ அங்கே நிலையம். நிலையத்தை ஒட்டி ஒற்றைத் தெருவில் பஜார். தெருவுக்கு மேலேயும் தேயிலை, கீழேயும் தேயிலை. மலை விலாவில் வெட்டிய ஒரு படியில் உட்கார வைத்த ஊர்கள் இவை. மஸ்கெலியா பழைய நகரம் 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனபோது ஊரையே தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலும் ஒரு பகுதி இடம் மாறியது. எப்படி மாறினாலும் கிடைத்தது இன்னொரு படிதான். படி அகலமாகாது. ஆகவே கடைகள் வீதிக்குக் கீழே இறங்கின. முன்னால் பார்த்தால் ஒரு மாடி, பின்னால் போய்ப் பார்த்தால் தூணில் நிற்கும் நான்கு மாடி. இந்தக் கட்டடங்களின் அத்திவாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கி, குப்பையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். அனுமதி கொடுக்கிறவர்கள் வீதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

தேயிலை இருந்த காலத்தில் அந்தச் சரிவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மலைக்குக் குறுக்கே, 120 அடிக்கு ஓரடி மட்டுமே இறங்கும் சாய்வில், கான்கள் வெட்டியிருந்தார்கள். அதற்கு மேல் சாய்ந்தால் தண்ணீர் ஓடும் வேகத்தில் மண்ணை அரித்துவிடும். அதற்குக் குறைந்தால் வண்டல் படிந்து கான் மூடிவிடும். கானுக்குள்ளேயே இடையிடையே சிறு மண் தடுப்பை விட்டு, மண்ணைப் பிடித்து, மேல் தண்ணீரை மட்டும் வழிய விடுவார்கள். குறுக்குக் கான்கள் எல்லாம் கல் பாவிய பெரிய கானில் விழும். பெரிய கான் ஓடையில் சேரும். கான்வெட்டு தோட்டத்தில் தனி வேலை, தனிக் கணக்கு. இன்று நகரத்தைச் சுற்றி வீடாகவும் கடையாகவும் மாறிய காணிகளில் பலவற்றின் அடியில் இந்தக் கான்கள் இருக்கின்றன. நில அளவைப் படத்தில் எல்லைக்கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, கான் இல்லை. வாங்குகிறவர் அதைப் பள்ளம் என்று நினைத்து மண் போட்டு நிரப்புகிறார். மேலே இருந்து வரும் தண்ணீருக்கு அது தெரியுமா? பழைய வழியில்தான் வருகிறது, நிரப்பிய மண்ணுக்குள் இறங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடிக் கூரை ஒன்றில் ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 7,000 லீற்றர். ஒரு தெருவில் இப்படி நாற்பது கூரைகள் இருந்தால் 280,000 லீற்றர், அதாவது நொடிக்கு 77 லீற்றர். ஒன்பது அங்குல ஹியூம் (கொங்கிரீட்) குழாயை ஐம்பது அடிக்கு ஓரடிச் சாய்வில் பதித்தால், அது நிரம்பி ஓடும்போது கொண்டுபோவது நொடிக்குச் சுமார் 60 லீற்றர்தான். அதுவும் உள்ளே சேறு இல்லாமல், லஞ்ச் ஷீற் சிக்காமல் இருந்தால். பாதி அடைத்தால் கொள்ளளவு பாதிக்கும் குறைவு. அதே சாய்வில் பன்னிரண்டு அங்குலக் குழாய் 130 லீற்றருக்கு மேல் கொண்டுபோகும். மூன்று அங்குலம் கூடினால் இரண்டு மடங்குக்கு மேல். விலை வித்தியாசம் குழாயில் கொஞ்சம்; பதிக்கக் கிடங்கு தோண்டும் கூலியில் அனேகமாக இல்லை. ஆனாலும் ஒன்பது அங்குலமே வாங்கப்படுகிறது, ஏனென்றால் போன முறையும் அதுதான் வாங்கப்பட்டது.

மூடிய கான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்கு முன்னால் இரண்டடி இடம் கிடைக்கும் என்று கானுக்கு மேல் கொங்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள், அறுபது எழுபது அடி நீளத்துக்கு ஒரே பலகையாக. உள்ளே அடைத்தால் கை நுழைக்க இடமில்லை. மூடுவதைத் தடுக்க முடியாது என்றால், மூடியைத் துண்டுகளாகப் போடச் சொல்லுங்கள். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குலக் கனம் உள்ள ஒரு துண்டு ஏறக்குறைய 68 கிலோ. அலவாங்கு ஒன்றும் ஆள் இரண்டு பேரும் இருந்தால் தூக்கலாம். ஐம்பது அடிக்கு ஒரு சேற்றுக்குழி வையுங்கள், கானின் அடியைவிட ஓரடி ஆழமாக. பள்ளத்துக்கு இறங்கும் வாயில் கம்பித் தடுப்பை நேராக நிறுத்த வேண்டாம், சாய்த்து வையுங்கள். நேராக நின்றால் முதல் பொலித்தீனிலேயே அடைத்துக்கொள்ளும். சாய்ந்திருந்தால் குப்பை மேலே ஏறும், தண்ணீர் அடியால் போகும்.

வீதிக்குக் காபட் போடும்போது இன்னொன்று நடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே இரண்டு அங்குலம் போடுகிறார்கள். நான்கு தடவை போட்டால் வீதி எட்டு அங்குலம் உயர்ந்துவிடும். கடையின் தரை அப்படியே இருக்கும். ஒரு காலத்தில் படியேறிப் போன கடைக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். மழைத் தண்ணீரும் கூடவே இறங்குகிறது.

இனிப் பெரிய விடயம், மலையை வெட்டுவது.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருவதற்கு முன் அலவாங்கும் மண்வெட்டியும்தான். நாலைந்து பேர் கிழமைக்கணக்கில் வெட்டினாலும் நாலடி, ஐந்தடிக்கு மேல் போகாது. அந்தச் சிரமமே ஒரு காவலாக இருந்தது. பெக்கோ பன்னிரண்டடியை ஒரு காலைப்பொழுதில் வெட்டிவிடும். 7 பேர்ச்சஸ் காணி என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அது 30 பாகைச் சாய்வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதடி அகலத்துக்குச் சமதரை வேண்டுமென்று முழுவதையும் வெட்டினால் பின்னால் பதினொன்றரை அடி உயர மண்சுவர் நிற்கும். முப்பதடி நீளத்துக்கு வெளியேறும் மண் முப்பத்து நாலரை கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி). தோண்டிய மண் கால்வாசி பொங்கும் என்பதால் நாற்பத்து மூன்று கியூப். மூன்று கியூப் டிப்பரில் பதினான்கு, பதினைந்து நடை. டிப்பருக்குக் காசு கொடுப்பதைவிடக் காணியின் முன் விளிம்பில் தள்ளிவிடுவது மலிவு. அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. தள்ளிய மண்ணுக்கு இறுக்கம் இல்லை, அடியில் பழைய புல்லும் தேயிலை வேரும் அப்படியே புதைந்து கிடக்கின்றன. அவை அழுகிய பிறகு பழைய நிலத்துக்கும் புதிய மண்ணுக்கும் நடுவே வழுக்கும் படலம் ஒன்று உண்டாகிறது. அதன் மேல்தான் வரவேற்பறையின் முன் சுவர் வருகிறது. மூன்றாவது நான்காவது மழைக்காலத்தில் முன் சுவர் கீழ்நோக்கி இழுபட்டு, நடுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். மேசன் பாஸ் பூசிக் கொடுப்பார். அடுத்த வருடம் அதே இடத்தில் திரும்பவும் வெடிக்கும்.

அதே வீட்டை இரண்டு படியாகக் கட்டலாம், பத்தடி மேல்படி, பத்தடி கீழ்படி, நடுவில் ஏறிப்போக ஒன்பது, பத்துப் படிக்கட்டு. வெட்டின் உயரம் ஆறடிக்குள் அடங்கும். தோண்டும் மண் சரிபாதியாகும். வீட்டுக்குள் படி ஏறி இறங்குவது வயதானவர்களுக்குச் சிரமம் என்பார்கள், உண்மைதான். பன்னிரண்டடிப் பச்சை மண்ணுக்குக் கீழே அவர்களைப் படுக்க வைப்பதைவிட அது மேல் என்பது எங்கள் எண்ணம். புதிய வீட்டுத் திட்டங்களின் மாதிரி வரைபடங்கள் பெரும்பாலும் சமதரைக்கு வரைந்தவை என்பதால்தான் ஒவ்வொரு காணியையும் சமதரையாக்க வேண்டியிருக்கிறது. சரிவுக்கென்று இரண்டு மூன்று மாதிரி வரைபடங்களைச் சபையே வைத்திருந்து இலவசமாகக் கொடுத்தால், தனியாள் ஒருவருக்கு ஆகும் செலவைவிடக் குறைவான செலவில் நூறு வீட்டுக்குப் பயன்படும்.

வெட்டிய மண்ணைப் பிடித்து நிறுத்தும் கல்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம், ஏனென்றால் நின்றதைவிட விழுந்ததையே அதிகம் காண்கிறோம். கருங்கல்லில் தன் எடையால் நிற்கும் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. பத்தடிச் சுவருக்கு அடியில் ஐந்தரை அடி, உச்சியில் ஒன்றரை அடி என்று வைத்தால், முப்பதடி நீளத்துக்கு அத்திவாரம் நீங்கலாகவே பத்தரை கியூப் கட்டு வேலை. கேட்டதும் வீட்டுக்காரர் பயந்து, ஒன்பது அங்குலச் சீமெந்துக் கல்லை அடுக்கிப் பூசி முடித்துவிடுகிறார். அது அறையைப் பிரிக்கும் சுவர். மலையைத் தாங்க அதனால் ஆகாது. காசு குறைவென்றால் ஐந்தடிச் சுவர் இரண்டாகக் கட்டி, இடையில் குறைந்தது ஐந்தடிப் படி விடுங்கள். அதே முப்பதடி நீளத்துக்கு ஏறக்குறைய ஆறு கியூபில் முடியும். போவது இடம்தான்.

நன்றாகக் கட்டிய சுவரும் விழுகிறதே என்பீர்கள். விழுத்தாட்டுவது அனேகமாகத் தண்ணீர். பத்தடிச் சுவரின் பின்னால் வடிந்த மண் இருந்தால் அது தள்ளும் விசை, சுவரின் ஒவ்வோரடி நீளத்துக்கும் ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அதே மண்ணில் உச்சி வரை தண்ணீர் நின்றால் அது இரண்டு மடங்காகிறது. அதற்காகத்தான் மூன்றங்குலக் கசிவுக் குழாய்களை ஐந்தடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கச் சொல்கிறோம். குழாயை வைத்தால் மட்டும் போதாது. சுவரின் முதுகை ஒட்டி ஓரடி அகலத்துக்கு உடைத்த கல்லை நிரப்பி, மண் பக்கம், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரிக்க வேண்டும். நடப்பது என்ன? பின்பக்கத்தில் உடைந்த ஓடும் சீமெந்துப் பையும் களிமண்ணும் போகின்றன. குழாய் வாயைப் பூச்சு வேலைக்காரர் அழகுக்காக அடைத்துவிடுகிறார். பெருமழையில் எந்தக் குழாயிலிருந்தும் ஒரு சொட்டும் வராத கல்கட்டைக் கண்டால் அதன் அடியில் வாகனம் நிறுத்தாதீர்கள்.

சுவரின் முதுகைப் பார்க்க ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு, மண் நிரப்புவதற்கு முன். அதனால்தான் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மூன்று முறை போக வேண்டும் என்கிறோம்: வெட்டி முடித்து அத்திவாரம் போடும் முன், சுவருக்குப் பின்னால் நிரப்பும் முன், குடிபோகும் முன். ஆள் பற்றாக்குறை என்றால் நடுவில் உள்ளதையாவது விடாதீர்கள். நாடாவைச் சுவரில் பிடித்தபடி எடுத்த நான்கு படங்களை வீட்டுக்காரரே தொலைபேசியில் அனுப்பட்டும், அதைக் கோப்பில் சேருங்கள்.

யாரும் பேசாத தண்ணீர் ஒன்றும் இருக்கிறது, வீட்டுக் கழிவுத் தண்ணீர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 120 லீற்றர் வீதம் நாளைக்கு 600 லீற்றர், வருடத்துக்கு 219,000 லீற்றர் ஊறுகுழியில் இறங்குகிறது. இதை 7 பேர்ச்சஸ் நிலத்தில் பரப்பினால் 1,200 மில்லிமீற்றருக்கு மேல். வானத்து மழைக்கு மேலே, அந்தக் காணிக்கு மட்டும் வருடம் முழுதும் இன்னொரு மழை. வானம் பெப்ரவரி, மார்ச்சில் ஓய்வு கொடுக்கும், ஊறுகுழி கொடுக்காது. பழைய லயத்துக்குப் பொதுக் குழாயடியாகப் பீலிக்கரை ஒன்று, அதன் கழிவு வெளியே தெரிந்து கானில் ஓடும். இப்போது ஐம்பது வீட்டுத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மலைக்குள் போகிறது. கல்கட்டின் முதுகுக்குப் பின்னால் ஊறுகுழிக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். கொத்தாக வீடுகள் வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அடைப்பான தொட்டி வைத்து, வடியும் நீரை ஒரே குழாயில் சேர்த்து, சரிவு தணிந்த அடிவாரத்தில் கல்படுகையில் விடச் சொல்லுங்கள்.

வீடு கட்ட வெட்டாத மலையும் இடியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொட்டிய மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் எத்தனையோ மண்சரிவுகள். எல்லாவற்றையும் சபையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடங்கள் இருக்கின்றன, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்ட அதன் சான்று கேட்கும் நடைமுறையும் இருக்கிறது. சான்றிதழின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவதுதான் குறை. எத்தனை அடிக்கு மேல் வெட்டக் கூடாது, தண்ணீரை எப்படி வெளியேற்ற வேண்டும் என்ற நிபந்தனைகள் உள்ளே எழுதியிருக்கும். அவற்றை அனுமதிக் கடிதத்திலேயே வரிக்கு வரி திருப்பி எழுதுங்கள். வீட்டுக்காரர் வாசிக்கும் தாள் அதுதான்.

அந்த நிறுவனத்தின் மழை அளவுகளும் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற வேண்டும். 75 மில்லிமீற்றர் என்பது மூன்று அங்குலம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு வீடு, ஒரு பாடசாலை, ஒரு கோயில் அளக்கட்டும். நிலத்தில் வெடிப்புக் கண்டால் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியை எழுதி வையுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் இறுக்கி மூடி மேலே பொலித்தீன் விரியுங்கள், தண்ணீர் இறங்காமல் இருக்க. தெளிவாக வந்த ஊற்று கலங்கினாலோ, திடீரென்று நின்றாலோ, இல்லாத இடத்தில் புதிதாகப் பொங்கினாலோ, மழை அளவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆட்களை எழுப்புங்கள்.

கடைசியாக எல்லைத் தகராறு. தண்ணீர் தோட்டத்துக் காணியில் பிறக்கிறது, ரயில்வே ஒதுக்கத்தைக் கடக்கிறது, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மதகில் நுழைகிறது, சபையின் கானில் விழுகிறது. நான்கு கைக்கும் நடுவில் யாருடையதும் இல்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்று முன்பு சொல்ல இடமிருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டு எடுபடாது. ஆகவே வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேல் பருவம் மே மாதம் பிடிப்பதால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று. பதுளை, பசறை பக்கத்துக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கனப்பதால் செப்டெம்பரில் ஒன்று. தோட்ட முகாமையாளர், கிராம உத்தியோகத்தர், வீதி, ரயில்வே ஆட்கள் எல்லாரையும் அழைத்து, மேலிருந்து கீழே, தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து இறங்குங்கள். வாகனத்தில் வேண்டாம். அந்தத் தோட்டத்தில் கான்வெட்டுச் செய்து ஓய்வு பெற்ற ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். மூடிய கான் எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஐம்பதடி நாடா, மட்டம் பார்க்க முப்பதடி தெளிவான பிளாஸ்ரிக் குழாய், அலவாங்கு, சுண்ணாம்பு ஒரு வாளி, ஊரின் நில அளவைப் படத்தின் பெரிய பிரதி ஒன்று, நீல மை பேனா. கண்ட ஒவ்வொரு கானையும் அந்தப் படத்தில் நீலத்தில் வரைந்து, சபைக் கட்டடத்தில் விண்ணப்பம் வாங்கும் யன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கல்கட்டு அளவு பார்க்கவும் மட்டம் பிடிக்கவும் எங்களில் யாரைக் கூப்பிட்டாலும் வருவோம், அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மலைநாட்டில் அளவெடுத்தும் வரைந்தும் கல்கட்டியும் கான்வெட்டியும் பிழைக்கும் சிலர்